மாமா பார்க்காத ஆட்டம்

லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டிலிருந்து உதைபந்தாட்ட மைதானத்துக்கு நடந்தே போகலாம். நாங்கள் ஒருநாளும் போனதில்லை. எங்கள் குடும்பத்துக்கு உதைபந்தாட்டம் என்றால் பார்க்கிங் பிரச்சினை, அவ்வளவுதான். ஆட்டம் இருக்கிற சனிக்கிழமைகளில் அப்பா வாசலில் நிற்கிற காரை அசைக்கமாட்டார். எடுத்தால் திரும்பி வந்து விட இடம் கிடையாது. யார் வென்றார்கள், யார் தோற்றார்கள் என்பதையெல்லாம் வெளியே வருகிற சனத்தின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

இப்போது அந்தத் தெருவில் அமெரிக்கர்களைக் காண்கிறேன். புதிதாக வாங்கிய கழுத்துச் சால்வையும் கையில் போனுமாகக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். போன மாதம் ஒரு தகப்பனும் மகனும் என்னிடம் வழி கேட்டார்கள். விடியற்காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு டிவியில் பார்த்த ஆட்டத்தை ஒருமுறை நேரில் பார்க்க வந்தவர்களாம். வழி சொன்னது போதாதென்று வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். "இனி ஒருத்தர் வீட்டுக்கும் போகாதீர்கள், நேரே உள்ளே போங்கள்" என்று சொல்ல வாய் உன்னியது. சொல்லியிருந்தால் எனக்கு விசர் என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. கலிபோர்னியாவில் இருந்த என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, கம்பனி வேலையாக லண்டனுக்கு வந்தார். வந்த பின்னேரமே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கம்பளித் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு உதைபந்தாட்டம் கதைக்கத் தொடங்கிவிட்டார். அப்பா கிரிக்கெட்காரர். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முந்தி அங்கை இதைச் சின்னப்பிள்ளையளின்ரை விளையாட்டெண்டு சிரிப்பாங்கள், அத்தான். இப்ப பாக்கோணும், விடிய முதல் எழும்பிப் போய்க் கடையிலை கூடி நிண்டு பாக்கிறாங்கள். என்ரை பக்கத்து வீட்டு வெள்ளை, பந்தைக் கையிலை தூக்கிக்கொண்டு ஓடுற தங்கடை ஆட்டத்தைத் தவிர வேறை ஒண்டும் தெரியாதவன். இப்ப உங்கடை ரீமிலை ஆர் ஆர் நிக்கினமெண்டு பாடமாக்கி வைச்சிருக்கிறான்."

"அங்கையும் இந்த விசர் தொத்திட்டுதோ?" என்றார் அப்பா.

மாமா அமெரிக்கர் போல பிட்ச் என்பதை பீல்ட் என்றார், ட்ரோ என்பதை டை என்றார். மைதானத்துக்கு உள்ளே காலே வைக்காத நான், ஏதோ பெரிய பயிற்சியாளர் போலத் திருத்தினேன். ஒவ்வொரு தடவையும் "தாங்க்ஸ், ரீச்சர்" என்று தலையைக் குனிந்தார்.

சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை இங்கே டிவியில் நேரடியாகக் காட்டுவதில்லை. அமெரிக்காவில் காட்டுவார்கள். மைதானத்துக்கு அருகில் இருக்கிற எங்களுக்குச் சத்தம், ஏழு கடல் தாண்டி இருக்கிறவனுக்குப் படம். அநியாயம்தானே? மாமாவின் மகன், என்னைவிட இரண்டு வயது மூத்த மச்சான், அங்கே காலை ஏழு மணிக்கு எழும்பி எங்கள் ஊர் ஆட்டத்தைப் பார்ப்பானாம். மாமாவும் பார்ப்பாராம். ஆனால் அவன் ஒரு வீட்டில், இவர் இன்னொரு வீட்டில். போனைக் காதில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் கதைத்துக் கதைத்துப் பார்ப்பார்களாம். ஒரே ஊரில் இருக்கிறவர்கள் ஏன் இப்படி என்று யோசித்தேன். அமெரிக்காவில் வீடுகள் மலிவாக இருக்குமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவிடம் இரண்டு டிக்கெட் இருந்தன. ஒன்று பெரியவருக்கு, மற்றது சிறுவருக்கு. மச்சானுக்கு எடுத்ததாம், அவனுக்கு வரக் கிடைக்கவில்லையாம். ஏன் என்று கேட்டேன். "நீ வாறாய்தானே, அது போதும்" என்றார். இருக்கைகள் மூலைக்கொடிக்குப் பக்கத்தில், முன்வரிசையில். மூலையில் பந்தை வைத்துக் கோணர் அடிக்கும்போது கமெரா அந்தப் பக்கம் திரும்பும். அந்த நேரம் மாமா செம்மஞ்சள் தொப்பியோடு எழும்பிக் கை காட்டவேண்டும், மகன் கலிபோர்னியாவில் அதைக் கண்டுபிடிக்கவேண்டும். இதுதான் ஒப்பந்தம். இதை எனக்கு எத்தனை தரம் விளங்கப்படுத்தினார் என்று கணக்கே இல்லை. "பெடியன் தன்னோடை பந்து விளையாடுற ரீம் பிள்ளையளையும் பாக்கக் கூப்பிட்டு வைச்சிருக்கிறான்" என்றும் சொன்னார்.

சனிக்கிழமை காலை அம்மா சேலை உடுத்திக்கொண்டு கீழே வந்தா. லண்டனின் மேற்குப் பக்கம் இருக்கிற ஹவுன்ஸ்லோவுக்குப் போய்ப் பெரியம்மாவைப் பார்க்கவேண்டுமாம். பெரியம்மா அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அவவின் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடிக்காமல் போனால் அந்த மனஸ்தாபம் அடுத்த கலியாணவீடு வரைக்கும் இழுபடும்.

"இண்டைக்கு மட்டும் வேண்டாமக்கா" என்றார் மாமா.

"விசர்க்கதை கதையாதை. நீ போகாமல் விட்டால்தான் சனம் கதைக்கும். முகத்தைக் காட்டிப்போட்டு வந்திட்டால் ஒருத்தரும் ஒண்டும் நினைக்காயினம். ஒரு மணிக்கு வீட்டை நிப்பம்."

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலாது என்பார்கள். அம்மா ஊர்வாயையும் மூடலாம் என்று நம்பினவ. அப்பா பார்க்கிங்கை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே காரை எடுத்தார். புறப்படமுதல் அம்மா என் காதுக்குள், "மாமியைப் பற்றி ஆரும் கேட்டால் நீ வாயைத் திறக்கக்கூடாது" என்றா.

பெரியம்மா வாசலிலேயே கேட்டுவிட்டா: "எங்கை உன்ரை மனிசி? ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

"அவவுக்கு லீவு கிடைக்கேல்லை, பெரியக்கா" என்றார் மாமா.

அங்கே ரோல்ஸ், வடை, கேக், பிறகு தேத்தண்ணி. சரி, முடிந்தது என்று எழும்பினோம். பெரியம்மா போனும் கையுமாக வந்தா. டூட்டிங்கில் இருக்கிற மகளுக்குச் சொல்லிவிட்டாவாம். "போற வழிதானே. இஞ்சை வந்துபோட்டு அங்கை போகாட்டில் சம்பந்தி என்ன நினைப்பா?"

மகளின் மாமியாரைத்தான் சம்பந்தி என்றா. லண்டன் முழுக்க அந்த மாமியாரின் வாய்க்குப் பயந்தவர்கள்தான். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கைப்பையைப் பார்த்தா.

டூட்டிங்கில் அக்கா, அதுதான் பெரியம்மாவின் மகள், அப்போதுதான் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தா. மாமியார் சோபா செற்றியில் நடுநாயகமாக இருந்தா. அதே கேள்வி வந்தது.

"அவவுக்குக் காதிலை குத்து, மாமி. பிளேன் ஏறக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்" என்றார் மாமா.

லீவு இல்லை என்றல்லவா சொன்னார்? நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளியது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. மாமாவுக்குச் சரியான மறதி என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

நேரம் போனது. இடியப்பம் வந்தபாடில்லை. மாமா எழும்பிப் போய் வாசலில் சப்பாத்தைப் போட்டார். என்னையும் போடச் சொன்னார்.

"நானும் பிள்ளையும் டாக்சி பிடிச்சுப் போறம், அக்கா. நீங்கள் ஆறுதலாச் சாப்பிட்டு வாங்கோ."

நல்ல யோசனை. போயிருக்கலாம். தலை தெறிக்க ஓடியிருந்தால் தொடக்கத்துக்கே போய்ச் சேர்ந்திருப்போம். நான் லேஸ்கூடக் கட்டி முடித்துவிட்டேன்.

"என்ன தம்பி, சாப்பாட்டு நேரத்திலை எழும்பி ஓடுறீர்?" மாமியார் இருந்த இடத்தை விட்டு அசையாமல் கேட்டா. "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ? உம்மடை மனிசி பிள்ளையோடை தனிய இருக்கிறா எண்டு அங்கை இருக்கிற எங்கடை ஆக்கள் ஆரோ சொல்லிச்சினம். நான் நம்பேல்லை."

குசினிக்குள் அக்காவின் அகப்பைச் சத்தமும் நின்றுவிட்டது. அம்மா மாமாவைப் பார்த்தா. மாமா குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"நான் ஏன் மாமி ஓடப்போறன்? நல்ல பசி. போடுங்கோ."

சாப்பிட்டார். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இடியப்பத்துக்கு விட்ட சொதியைப் புகழ்ந்தார். தன் மனிசி வைக்கிற சொதி இந்தப் பதத்துக்கு வராது, வீட்டில் அதுக்கே ஒவ்வொரு கிழமையும் சண்டை என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். மாமியாரும் சிரித்தா. நான் சப்பாத்தோடு வாசலிலேயே நின்று அழுதேன். சின்னப்பிள்ளைக்கு நித்திரை தூங்குது என்று யாரோ சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சொதிச்சட்டியைத் தூக்கிக் கவிழ்த்திருப்பேன்.

நாங்கள் புறப்பட்டபோது ஆட்டம் தொடங்கி வெகுநேரம். ரோட்டில் கார்கள் ஊர்ந்தன. எங்கள் தெருவில் இடமில்லை, அப்பா எங்கோ தொலைவில் காரை விட்டார். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். நாங்கள் வாசலை அடைந்தபோது சனம் பாட்டுப் பாடிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கு ஒன்று. எங்கள் பக்கம்தான் வென்றிருந்தது.

மாமா தொப்பியைக் கழற்றவில்லை. எதிரே வந்த ஒரு வயதான வெள்ளைக்காரரை மறித்து, கோல் எப்படி விழுந்தது என்று கேட்டார். அந்த மனிதர் முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு உற்சாகம் வந்து, தெருவிலேயே நின்று காலை வீசிக் காட்டினார். கடைசிக் கோல் கோணரில் இருந்து வந்ததாம். எந்தப் பக்கத்து மூலை என்று மாமா கேட்டார். அவர் கையை நீட்டிக் காட்டினார். எங்கள் மூலை. மாமா இன்னும் இரண்டு மூன்று பேரை மறித்து மறித்துக் கேட்டார். பார்க்காத ஆட்டத்தை ஏன் இப்படித் துருவித் துருவிக் கேட்கிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, மாடிப்படியில் இருந்துகொண்டு மகனுக்குப் போன் எடுத்தார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அந்த வயதானவர் காட்டியது, மற்றவர்கள் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்து, தன் கண்ணால் கண்டது போல அளந்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். கடைசியில்தான் அதைக் கேட்டார். "கோணர் அடிக்கேக்கை நான் எழும்பி நிண்டனான். கண்டனீயோ?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் நின்றது.

"கண்டனான், அப்பா. தொப்பியோடை நிண்டு கை காட்டினீங்கள்" என்றான் மச்சான், அமெரிக்க உச்சரிப்புத் தமிழில்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தன் தகப்பனின் முகம்கூடத் தெரியாத முட்டாள், வேறு எவனோ தொப்பிக்காரனைக் கண்டுவிட்டுச் சொல்கிறான்! சிரித்தபடி குசினிக்குள் ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாத்திரமே இல்லாத தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றா. திரும்பிப் பார்க்கவில்லை. "எப்பிடியோ, பெடியன் ஏமாறேல்லை" என்று மட்டும் சொன்னா.

மாமாவும் மாமியும் பிரிந்தது அடுத்த வருடத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. டூட்டிங் மாமியாருக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்தது. யாரிடமிருந்து எதைக் காப்பாற்றினோம் என்று அம்மா எத்தனையோ தரம் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறா.

போன வருடம் மச்சான் வேலைக்காக லண்டனுக்கு வந்து எங்களோடு தங்கினான். இரண்டு பேரும் கடைக்கு நடந்துபோகும்போது மைதானத்தைக் கண்டதும் நின்றான். நான் பழைய கதையை எடுத்து, "நீ எந்தத் தொப்பிக்காரனைக் கண்டாய்?" என்று பகிடி பண்ணினேன். அவன் சிரிக்கவில்லை.

"ஒருத்தரையும் காணவில்லை" என்றான் ஆங்கிலத்தில். "அந்தக் கோல் விழுந்ததும் அந்த மூலையில் எல்லாரும் எழும்பிக் குதித்தார்கள். இரண்டு கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. டிவியில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். என் ரீம் பிள்ளைகள் எல்லாரும் உன் அப்பா எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்."

"பிறகு ஏன் கண்டனான் என்று சொன்னாய்?"

"அவர் கேட்ட குரல் அப்படி."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் போன் பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பதை மெல்ல மெல்ல விட்டுவிட்டானாம். தன்னைவிட முக்கியமான ஏதோ அப்பாவுக்கு லண்டனில் இருந்திருக்கிறது என்று நினைத்தானாம். மகன் வளர்ந்துவிட்டான், இனி அப்படித்தான் என்று மாமா எடுத்துக்கொண்டார். நான் ரோட்டோரமாக நின்று டூட்டிங் வீட்டைப் பற்றியும் சப்பாத்தைப் பற்றியும் இடியப்பத்தைப் பற்றியும் சொன்னேன். முடிவில், "அப்பாவிடம் சொல்லாதே" என்றான். இன்றுவரை சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

பத்து வயதில் முட்டாள் என்று நான் சிரித்தவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்று எங்களுக்காக வீட்டுக்கு வீடு பொய் சொன்ன மாமா, தன் பிள்ளைக்குச் சொன்ன ஒரு பொய்யாவது பலித்தது என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்.