மருந்துக்கும் ஒரு தோட்டா இல்லை

என் அப்பா இறந்தபோது எனக்கு விட்டுப்போனது ஒரு வெற்றிலைப் பெட்டியும் ஒரு துப்பாக்கியும். வெற்றிலைப் பெட்டியில் வெற்றிலை இருந்தது. துப்பாக்கியில் ஒன்றும் இல்லை.

அப்பா பாலோ என்கிற ஊருக்குப் பின்னாலிருந்த காட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு வேட்டைக்கு வழிகாட்டியாக நடந்து நடந்தே கால் தேய்ந்தவர். துரை தன் ஊருக்குக் கப்பலேறும்போது அந்தத் துப்பாக்கியை அவருக்கே கொடுத்துவிட்டார். நல்ல மனிதர்தான். கொடுப்பதற்கு முந்தின நாள் காட்டுக்குப் போய் மிச்சமிருந்த தோட்டாக்களையெல்லாம் சுட்டுத் தீர்த்துவிட்டுக் கொடுத்தார். அப்பா அதைச் சுவரில் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தார். சாமி படத்துக்குக்கூட அவ்வளவு கவனிப்பு கிடையாது.

நான் ஒரே பிள்ளை, அதுவும் பெண், அதனால் துப்பாக்கி எனக்கு. லைசென்ஸ் மாற்ற குளுவாங் போலீஸ் நிலையத்துக்குப் போனபோது அங்கிருந்த மலாய் அதிகாரி என்னையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டு, லைசென்ஸில் என் வீட்டுக்காரர் பெயரை எழுதினார். இப்படியாக துப்பாக்கி எனக்கு, பெயர் அவருக்கு, தோட்டா யாருக்கும் இல்லை என்று ஆயிற்று.

என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி. முத்து முத்தான கையெழுத்து, ஒல்லியான உடம்பு. மேலே பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தைத் தேடுவார். பூரானைக் கண்டால் என்னைத் தேடுவார். அவரைப் பார்த்துத்தான் புலி வந்தது.

முதலில் ஆட்கள் குடியிருக்கிற லயத்து நாயைக் கொண்டுபோனது. பிறகு ஒரு பசுவை. அதன் பிறகு பக்கத்துத் தோட்டத்தில் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஒருவரை. மறுநாள் விடியுமுன் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குக் கூடிய ஆட்கள் வாளிகளைக் கவிழ்த்து வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் மரத்துக்குப் போகத் தயாரில்லை. எங்கள் துரை இளவயசுக்காரர், சீமையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். அவரிடம் குருவி சுடுகிற துப்பாக்கிதான் இருந்தது. கிராணி வீட்டுச் சுவரில் பெரிய துப்பாக்கி இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“கிராணி, துப்பாக்கி தூக்கி நீ முன்னே போ. ஆளுங்க பின்னே வரும்,” என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

என் வீட்டுக்காரர் துரையிடம் வாழ்நாளில் சொன்ன ஒரே பதில் “எஸ் சார்” என்பதுதான். அன்றைக்கும் அதையே சொன்னார். வீட்டுக்கு வந்து சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்தார்.

“தோட்டா இல்லேன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றேன்.

“எப்படிச் சொல்றது? லைசென்ஸ் என் பேர்லதானே இருக்கு!”

“லைசென்ஸைக் காட்டுனா புலி ஒதுங்கிப் போயிடுமா?”

“சும்மா இரு. யார் காதிலயும் விழுந்துடப் போவுது. இது வெறுந்துப்பாக்கின்னு தெரிஞ்சா ஒருத்தரும் வர மாட்டாங்க.”

போனார். அன்றிலிருந்து தினமும் கருக்கலில் அவர் முன்னால் போவார். துப்பாக்கி அவர் தோளில், ஆட்கள் அவர் முதுகுக்குப் பின்னால். நான் வாசலில் நிற்பேன். கேலி பேசத் தெரிந்தவளுக்குப் பயம் இருக்காது என்று நினைப்பார்கள். எனக்கு இருந்தது. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தாலும் அவர் திரும்பி வருகிறவரை அந்தப் பக்கம் போக மாட்டேன். தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பழக்கம் எனக்கு அப்போது வந்ததுதான்.

ஆகவே தோட்டா தேட ஆரம்பித்தோம். யானை வாங்கினவன் அங்குசம் வாங்க மாட்டானா என்பார்கள். எங்களுக்கு யானை சும்மா வந்தது, அங்குசம்தான் உலகத்திலேயே இல்லை. குழல்மேல் 400/350 என்று வெட்டியிருந்தது. அவர் கிராணியல்லவா, அதைப் பின்னக் கணக்காகவே பார்த்தார். பாலோவில் தவுக்கே என்கிற சீன முதலாளியின் கடையில் போய், “நானூறுல முந்நூத்தம்பது” என்று கேட்டிருக்கிறார். தவுக்கே யோசித்து, மீதி ஐம்பது எங்கே என்று கேட்டாராம். குளுவாங்கில் இருந்த கடைக்காரர் தம்மிடமிருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று உள்ளேயே போகவில்லை. இன்னொன்று இந்தப் பக்கம் போட்டு அந்தப் பக்கம் வந்தது. மருந்துக்குக்கூட ஒரு தோட்டா அகப்படவில்லை.

இந்த மருந்து என்ற சொல்தான் எங்களைக் கவிழ்த்தது. எங்கள் சனங்களுக்குத் துப்பாக்கிக்குள் போடுகிற எதுவும் மருந்துதான். ஊரில் கரிமருந்தைக் கெட்டித்துச் சுட்ட காலத்துப் பேச்சு அப்படியே கப்பலேறி வந்துவிட்டது. மலாய்க்காரர்களும் அதைத் துப்பாக்கியின் ‘ஊபாட்’ என்பார்கள். அதுவும் மருந்துதான். துப்பாக்கிக்கு என்ன வியாதியோ, இரண்டு பாஷையும் சேர்ந்து வைத்தியம் பார்த்தன.

என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ரயிலில் வேலையாக இருந்தார். சிங்கப்பூருக்குப் போய்வருகிறவர். ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்தார். துப்பாக்கி என்றோ தோட்டா என்றோ வாயைத் திறக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் எனக்கு முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தார். எனவே நான் கிசுகிசுத்தேன்:

“அண்ணே, மருந்து தீந்துபோச்சு. சிங்கப்பூர்லதான் கெடைக்குமாம். நம்பர் இதுதான்.” எண்ணை எழுதிய துண்டுக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுச் சுவரைக் கண்ணால் காட்டினேன்.

சுவரில் துப்பாக்கி தொங்கியது. அதன் நேர் கீழே என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவரைப் பார்த்தார். முகம் இளகியது. எல்லாம் புரிந்தவர்போலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த முறை வந்தபோது பைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். உள்ளே கஷாய நிறத்தில் ஏதோ இருந்தது. குலுக்கிவிட்டு வேளைக்கு ஒரு கரண்டி குடிக்கச் சொல்லி இங்கிலீஷில் ஒட்டியிருந்தது. மருந்துக்கடையில் ஒரு தடவை கலந்த மருந்துக்கு நம்பர் போட்டு வைப்பார்கள். அந்த நம்பரைச் சொன்னால் அதையே மறுபடி கலந்து கொடுப்பார்கள். எங்கள் நம்பருக்கு எவருடைய வயிற்றுக்கோ என்றைக்கோ கலந்தது வந்திருந்தது.

“மாப்பிள்ளை, வெக்கப்படாதீங்க,” என்றார் அண்ணன். “இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்.”

“ஐயோ அண்ணே, மருந்து இவருக்கில்ல! துப்பாக்கிக்கு!” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அண்ணன் ரயில் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகினவர். “துப்பாக்கிக்கா? அலமாக்! அப்ப இத்தன நாளா மாப்பிள்ளை வெறுந்துப்பாக்கியத் தூக்கிக்கிட்டா புலிக்கு முன்னால போறாரு?”

வெளியே குழாயடியில் பால்மரம் வெட்டுகிற ஒரு அக்கா வாளி கழுவிக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நல்லவேளை, தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று பெருமூச்சு விட்டேன். மறுநாளும் ஆட்கள் வழக்கம்போல அவர் பின்னால் போனார்கள். எங்கள் ரகசியம் பத்திரமாக இருந்தது. அந்தப் பாட்டிலையும் குறை சொல்லக் கூடாது. ஒருநாள் அவருக்கு வயிறு சரியில்லாதபோது ஒரு கரண்டி கொடுத்தேன், உடனே கேட்டது.

வெட்கப்பட்டுப்போன அண்ணன் அடுத்த முறை சரியான கடையைத் தேடிப் போனார். அங்கேதான் விஷயம் விளங்கியது. நானூறு அளவுத் தோட்டாக் கூட்டை எடுத்து, முந்நூற்றைம்பது அளவுக் குண்டுக்காகக் கழுத்தை நெரித்துச் செய்த தோட்டாவாம் அது. நானூறும் பொருந்தாது, முந்நூற்றைம்பதும் பொருந்தாது. இரண்டும் கலியாணம் செய்துகொண்டால்தான் பொருந்தும். சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும், பொறுத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் பொறுத்திருந்தோம். புலி பொறுத்திருக்கவில்லை.

ஒருநாள் விடிகிற நேரம், அவர் போன பாதையில் லாலான் புல்லை விலக்கிக்கொண்டு அது வந்து குறுக்கே நின்றது. இவர் துப்பாக்கியை எடுத்துத் தோளில் பொருத்திக் குறிபார்த்தார். அதுவும் பார்த்தது. பிறகு எதிர்ப்பக்கம் இறங்கிப் போய்விட்டது. நடந்தது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவரால் காப்பிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் வாயில் ஊற்றினேன்.

“ஓடிடலாம்னுதான் பார்த்தேன்,” என்றார். “பின்னால பொம்பளைங்க நெறைய பேரு நின்னாங்க. ஓடறதுக்கு வழியில்ல.”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். இனி ஒருநாள்கூட அந்த இரும்புத் தடியோடு இவரை அனுப்பக் கூடாது என்று மாரியம்மனிடமும் அண்ணனிடமும் முறையிட்டேன். எது பலித்ததோ, கப்பல் வந்தது. சின்ன அட்டைப் பெட்டிக்குள் தோட்டாக்கள், பித்தளைப் பளபளப்போடு, கழுத்து நெரிக்கப்பட்டு, ஒழுங்காக அடுக்கியிருந்தன.

அன்று சாயங்காலம் ஒன்றைச் சுட்டுப் பார்த்தார். ஆலைக்கு எதிரே ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வைத்துக் குறிபார்த்தார். கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டார். தகரம் அசையவில்லை. ரப்பர் காயவைக்கிற புகைவீட்டுக் கூரையில் ஓட்டை விழுந்தது. இவர் சுடுவதற்கு நின்ற இடம் ஒன்று, விழுந்து கிடந்த இடம் வேறு. தோள் நீலம் பாரித்துவிட்டது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம். அன்றிரவு எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

விடிவதற்கு முன் அவர் தோட்டாவைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, வாளி கழுவிய அந்த அக்கா பின்வாசலுக்கு வந்தார்.

“கிராணிம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஐயா இன்னிக்குக் குண்டு போட்டிருக்காரா?”

“ஆமாக்கா. இனிமே பயமில்ல.”

“அதுக்குத்தாம்மா வந்தேன். குண்டு போட்டா நாங்க அவர் பின்னால வரல. நேத்து கூரையப் பார்த்தோம்ல?”

“இத்தன நாளு வந்தீங்களே?”

“இத்தன நாளு வெறுந்துப்பாக்கி. எங்களுக்கென்ன பயம்?”

“அது உங்களுக்குத் தெரியுமா?”

“உங்க அண்ணன் போட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டுச்சே.” அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “மொதல்ல போக வேணாம்னுதாம்மா பேசிக்கிட்டோம். அப்புறம் யோசிச்சோம். துப்பாக்கி இருக்குதுன்னு முன்னால போறவன் ஆயிரம் பேரு இருப்பான். ஒண்ணுமே இல்லாம நமக்காக முன்னால போறாரே ஒரு மனுசன், அவர் பின்னால போகாம வேற யார் பின்னால போறது? அன்னிக்குப் புலி நின்னப்பகூட நகரலியேம்மா அவரு.”

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“உங்களுக்கும் தெரியுமா?” என்றேன்.

“அவங்களுக்குத் தெரியும்னு தெரியும்,” என்றார். “தெரிஞ்சும் வர்றாங்களே, நான் எப்படிப் போகாம இருக்கிறது?”

ஆக, அந்தத் தோட்டத்தில் அந்த ரகசியத்தைக் கட்டிக் காப்பாற்றியவள் நான் ஒருத்திதான்.

அவர் கைப்பிடியை இழுத்துத் தோட்டாவை வெளியே எடுத்தார். என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். “நீயே வச்சிரு. உங்க அப்பா சொத்துதானே,” என்று சொல்லிவிட்டு, வெறுந்துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு படியிறங்கினார். ஆட்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு அவர் முதுகையொட்டிப் போனார்கள்.

புலி அந்த மழைக்காலத்தோடு வேறு காட்டுக்குப் போய்விட்டது என்று பின்னால் சொன்னார்கள். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. கேட்காத இடமில்லை, வேண்டாத சாமியில்லை என்று தேடிய தோட்டா என் கைக்குள் சில்லென்று இருந்தது. அவர் திரும்பி வருகிறவரை நான் வாசலில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாலியைப் பிடிக்க அன்று கை ஒழியவில்லை.