ஆடி அமாவாசையன்று நான் கண்டதும் சொன்னதும்

என் நாட்குறிப்புகளில் நான் பொய் எழுதியதில்லை. சாரல் தொடங்கிய நாள், செங்கோட்டை ரயில் தாமதித்த நாள், பள்ளிக்கூடக் கிணறு வற்றிய நாள் எல்லாம் கிழமையோடு இருக்கின்றன. 1937-ஆம் வருஷம் ஆடி அமாவாசை வெள்ளிக்கிழமையில் வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரே வரிதான்: "அவன் பேரருவியில் குளித்தான்." அதுவும் உண்மைதான். அந்த ஒரு வரி உண்மையை வைத்து நான் செய்த காரியத்தை அன்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அவன் என்று எழுதியது, என்னோடு ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றவனை. 1934 கார்த்திகையில் எங்கள் சபைக் குருவான ஐயர் எங்கள் இருவரையும் தென்காசியில் சிற்றாற்றில் இறக்கினார். நான் கோவிலில் முதல் மரியாதை வாங்கும் குடும்பத்துப் பிள்ளை; பள்ளிக்கூட வாத்தியார்; தமிழிலும் இங்கிலீஷிலும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தவன். அவன் கீழப்பாவூர்ப் பக்கத்து வயல்காரன். என்னைவிட ஆறு வயது இளையவன். எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் தெரியும்.

மனந்திரும்பியவனிடமிருந்து பழைய பாவங்கள் உதிர்ந்துபோகும் என்று நம்பியிருந்தேன். சில உதிர்ந்தன. புகையிலை போயிற்று. கோபம் பாதி போயிற்று. பொறாமை மட்டும் என்னோடு ஆற்றில் இறங்கி, முழுகி, என்னோடு கரையேறி வந்தது. தலை துவட்டும்போதே தெரிந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான். எனக்கு அழுகை வரவில்லை. இவனுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் ஒன்றரை வருஷம் ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசித்தது நான். பிறகு, ஐயர் வராத ஞாயிறுகளில் சபையை நடத்தும் உபதேசியார் அவனை வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தால் ஒரு ஒற்று தவறாது. அவன் தடுக்கித் தடுக்கி வாசித்தான். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு அம்மாள் என்னிடமே சொன்னாள்: "சார்வாள், கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க வாசிச்சா பரிச்சைக்குப் படிக்கச் சொல்லுத மாதிரி இருக்கு. அந்தத் தம்பி வாசிச்சா நம்ம வீட்டுக்குக் கடிதாசி வந்த மாதிரி இருக்கு."

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிச் சிரித்தேன். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஆனால் பொறாமையின் வேர் அங்கே இல்லை. அதை நான் கண்டுகொண்டது அந்த அமாவாசையன்று குற்றாலத்தில்.

நான் அங்கே போனதற்குக் காரணம் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற பதினாறாம் நாளே என் வீட்டார் எனக்குக் கருமாதி செய்துவிட்டார்கள். நான் உயிரோடு பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலை, என் வீட்டில் பதினாறாம் நாள் சடங்கு நடந்தது. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அப்பா குற்றாலத்துக்குப் போய் முன்னோர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார். இப்போது அந்த வரிசையில் எனக்கும் சேர்த்து விடுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அம்மாவும் கூட வருவாள். இரண்டரை வருஷமாக நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் விடியற்காலையில் தென்காசியிலிருந்து நடந்தே போய், அருவிக்கு எதிர்ப்புறம் ஒரு பாறைமேல் நின்றேன்.

சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. கூட்டமும் நெரிந்தது. அப்பா கரையில் உட்கார்ந்து எள் இறைத்தார். அம்மா ஈரச் சேலையோடு எழுந்து திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டாள். நேராகப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, செத்தவர்களுக்குத் தண்ணீர் விட்ட இடத்தின் பக்கமாகவே திரும்பிக்கொண்டாள்.

நான் கண்ணை வேறு பக்கம் திருப்பினேன். அங்கே அவன் நின்றான். பெண்கள் குளிக்கும் பக்கத்து ஓரத்தில், வழுக்குப் பாறையில், அவன் ஒரு கிழவியைக் கைப்பிடித்து இறக்கிக்கொண்டிருந்தான். அவன் தாய். கைம்பெண், இன்னும் பழைய மார்க்கத்திலேயே இருப்பவள், மூத்த மகன் வீட்டில் இருக்கிறாள். தம்பி முகத்தில் விழித்தால் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மூத்தவன் சொல்லியிருந்தது ஊருக்கே தெரியும். ஊர்ப் பெண்கள் கூட்டமாக அருவிக்கு வரும் ஆடி, தை அமாவாசைகளில்தான் அவளுக்கு வெளியே வர வழி. இத்தனை தலைகளுக்கு நடுவில் யார் கண்ணிலும் படாமல் மகனைப் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறாள். அவனும் அருவியில் குளித்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவள் தன் முந்தானையைப் பிழிந்து அவன் தலையைத் துவட்டினாள். ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

அவன் வாசிப்பு, அவன் அழுகை, அவன்மேல் சபை வைத்த பிரியம் எதுவும் அந்தத் துவட்டலுக்கு முன்னால் ஒன்றுமில்லை. நான் பாறையிலிருந்து இறங்கி வந்த வழியே நடந்தேன்.

அன்று சாயங்காலமே உபதேசியாரைப் பார்த்தேன்.

"இன்னைக்கு அமாவாசை. குற்றாலத்துல நம்ம ஆளைப் பாத்தேன்" என்றேன். "அருவியில முழுக்குப் போட்டான்."

"ஆடி அமாவாசையிலயா?" என்றார் அவர். "அப்பனுக்கு எள்ளு விடப் போயிருப்பானோ?"

இல்லை என்று எனக்குத் தெரியும். "அதை எப்படிச் சொல்ல? முழுகினதைப் பாத்தேன்" என்று மட்டும் சொன்னேன். என் நாட்குறிப்பைப்போலவே கச்சிதமான வாக்கியம்.

ஞாயிறன்று உபதேசியார் எல்லார் முன்னும் அவனைக் கேட்டார்.

"குற்றாலத்துக்குப் போனியா?"

"போனேன் ஐயா."

"அமாவாசைன்னு தெரியுமா?"

"தெரியும்."

"எள்ளு எறைச்சியா?"

"இல்ல ஐயா."

"பின்ன என்னத்துக்குப் போன? சொல்லுலே."

தாயைப் பார்க்கப் போனேன் என்று சொல்லியிருந்தால் அடுத்த சந்தைக்குள் அந்தச் செய்தி கீழப்பாவூருக்குப் போயிருக்கும். அவளுக்கு அந்த வீடும் போயிருக்கும். அவன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அடுத்த ஞாயிறு ஐயர் வருதாவ. அவுகளே தீர்மானிக்கட்டும். அதுவரை நீ வாசிக்க வேண்டாம். திருவிருந்துக்கும் பேர் குடுக்க வேண்டாம்" என்றார் உபதேசியார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார்வாள், நீங்களே வாசிச்சிருங்க."

அந்த வாரம் முழுவதும் நான் வாசிக்கவேண்டிய பகுதியைச் சத்தம்போட்டு வாசித்துப் பழகினேன். அது எந்த அதிகாரம் என்று எழுதப்போவதில்லை. எதுவாக இருந்தாலும் குத்தியிருக்கும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. திருவிருந்தில் பங்குபெற விரும்புகிறவர்கள் முந்தின சனிக்கிழமையே ஐயரிடம் போய்ப் பெயர் கொடுக்கவேண்டும். பெயர் எழுதுமுன் ஐயர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: "யாரோடாவது மனஸ்தாபம் உண்டா?" எல்லாரும் "இல்லை ஐயா" என்பார்கள். அவரும் எழுதிக்கொள்வார். இரண்டரை வருஷமாக நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணி இருக்கும். ஐயர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். "இல்லை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. முன்னால் என்றைக்கோ வரவேண்டிய அழுகை அப்போது வந்தது.

"அவன் எள் இறைக்கவில்லை ஐயா. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தெரிந்தே மறைத்தேன்."

"அப்படியானால் அவன் எதற்குப் போனான்?"

"அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் பாவமான காரியம் அல்ல."

ஐயர் பேனாவைக் கீழே வைத்தார். "நீர் எதற்குப் போனீர்?"

அந்தக் கேள்வியை இத்தனை நாள் யாருமே கேட்கவில்லை. "என் தாயாரைப் பார்க்க" என்றேன்.

என் பெயரை எழுதாமலே அவர் ஏட்டை மூடினார். பிறகு, "அவன் நாளைக்கு வாசிக்கட்டும். நீர் மூன்று மாதம் திருவிருந்துப் பந்திக்கு வரவேண்டாம். இதை அவனிடம் நீரே போய்ச் சொல்லும்" என்றார்.

அவன் ஆலய முற்றத்தில் மறுநாளைக்காகப் பாய்களை உதறிக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பாயைக் கீழே போடாமலே கேட்டுக்கொண்டிருந்தான்.

"தெரியும் அண்ணாச்சி" என்றான். "நீங்க பாறைமேல நின்னதை அம்மை பாத்துட்டா. 'உங்கூட்டாளி நிக்கான்லே'ன்னு அவதான் காட்டுனா."

"பின்னே ஏன்டா ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்களே சொல்லிருவியன்னு இருந்தேன்." கொஞ்சம் தயங்கினான். "ஒங்க அம்மை மொகத்தை மூடுனதையும் அவ பாத்தா. நான் கெளம்புறவரை அதையே சொல்லிப் பொலம்புனா. தை அமாவாசைக்கு நீங்களும் வாங்க அண்ணாச்சி. ஒங்களயும் பக்கத்துல பாக்கணும்னு சொல்லியிருக்கா."

வருகிறேன் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அவனுக்கு இருந்ததில் பங்கு கிடைக்கவேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்படவில்லை. அவனுக்கும் அது இல்லாமல் போகவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். பங்கு கொடுக்க அவன் கை நீட்டி நின்றபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் மீதிப் பாய்களை உதறி முடித்தோம்.

ஞாயிறு காலை நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவன் எழுந்து போய் வாசித்தான். எட்டரை மணிக்கு மேல் இருக்கும். நான்காவது வசனத்தில் ஒரு நீண்ட சொல்லில் தடுக்கி, திரும்ப ஆரம்பித்து, மறுபடியும் தடுக்கினான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டுப் பதினாறு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.