மதியம் இரண்டு மணி அப்டேட்

என் அண்ணனுக்கு இடது காது பாதிதான் இருக்கிறது. மீதியை ஐஸ் கட்டியை இழுக்கிற கொக்கி கிழித்துக்கொண்டு போய்விட்டது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில், பட்டப்பகலில், என் கண் முன்னால் நடந்தது. கொக்கியைப் பிடித்திருந்த கை யாருடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கையை மட்டும் சபித்து எனக்கு ஆத்திரம் தீரவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சர்வரில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடியது. அதை எழுதியவர் அப்போது ஃபேனுக்குக் கீழே குப்புறப்படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் சர்வர் பார்க்கிறவள். கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் இருக்கும் சின்னக் கம்பெனி. முதலாளியைத் தெருவே முசியே என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த மனிதர்; முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. ஒரு மணி ஆனால் மாடிக் கதவைப் பூட்டிவிட்டுக் கீழே வீட்டுக்குப் போவார். சாப்பாடு, பிறகு தூக்கம். நாலு மணிக்கு முன்னால் எழுப்பினால் பேய் பிடித்த மாதிரி கத்துவார். இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் பாதிக் கடை மதியத்தில் மூடித்தான் கிடக்கும். ஊரே தூங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இங்கே நிறைய பேர். துறைமுகத்தை அவர்கள் ஊரில் சேர்ப்பதில்லை.

எங்கள் வீடு படகுக்காரர் வீடு. படகை அண்ணன் ஓட்டுகிறான். நான் டிப்ளமோ படித்துக் கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டேன். துறைமுகத்தில் வரிசை காட்டும் திரையைக் கொண்டுவந்தது அண்ணன்தான்.

அந்த வரிசை என்னவென்று சொல்கிறேன். கரைக்கு வந்த படகுகள் வந்த வரிசைப்படி ஏலக்கூடத்தில் மீனை இறக்க வேண்டும். முன்னால் இறக்கினால் நல்ல மீன், பின்னால் இறக்கினால் செவுள் வெளுத்த மீன். முன்பெல்லாம் ஒவ்வொரு படகுக்காரனும் வந்ததும் ஒரு கூடையைக் கூடத்துத் தரையில் வைப்பான். கூடை எந்த இடமோ அந்த இடம். ஆனால் கூடையைக் காலால் தள்ளிவிடலாம். தள்ளினால் அடி. வாரத்துக்கு ஒரு மண்டை உடையும்.

அண்ணன் ஊர்ப் பஞ்சாயத்தில் எழுந்து நின்று பேசினான். "கூடைய ஒதைக்கலாம், ஸ்கிரீன ஒதைக்க முடியுமா? வந்தவன் படகு நம்பரத் தட்டட்டும். ஸ்கிரீன்ல இன்னா இருக்கோ அதான் வரிசை. என் தங்கச்சி ஆபீஸ்தான் செஞ்சு தருது. நாளைக்கு நானே மாத்திப் பேசுனா என்னைச் செருப்பால அடிங்க."

கூட்டம் சிரித்தது. ஒருவன், "தேதி சொல்லு மாமா, புதுச் செருப்பா வாங்கி வைக்கறேன்" என்றான். அண்ணனும் சிரித்தான். ஆனால் அவன் சொன்னது சொன்னதுதான். துறைமுகத்தில் ஒருவனுக்குப் படகைவிடச் சொல்தான் பெரிது. அதுவரை அவன் சொல்லை யாரும் தட்டியதில்லை.

திரை வந்தது. கூடை போனது. ஒரு வருஷம் ஒரு மண்டைகூட உடையவில்லை.

இனி சர்வர் சங்கதி. அந்த வரிசை மென்பொருளைப் பொட்டலம் கட்டின மாதிரி ஒரே கட்டாக வைத்திருப்போம். அந்தக் கட்டுக்கு இமேஜ் என்று பெயர். அதைச் சர்வரில் ஓட விட்டால் அது கன்டெய்னர். ஏதாவது மாற்றம் செய்தால் புது இமேஜ் கட்டி, ஓடுகிற கன்டெய்னரை நிறுத்தித் தூக்கி எறிந்துவிட்டு, புதியதை ஓட விடவேண்டும். இங்கேதான் ஆபத்து. பழைய கன்டெய்னருக்குள் எழுதி வைத்ததெல்லாம் அதோடு போய்விடும். எதை வைத்துக்கொள்ள வேண்டுமோ அதைத் தனியாக வெளியே வைத்திருக்க வேண்டும். எங்கள் வரிசை உள்ளேதான் இருந்தது. முதலில் எழுதியவன் அப்படி எழுதிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம் முசியே, "அடுத்த மாசம் பாக்கலாம்மா" என்பார்.

அதனால் நான் கையால் செய்துகொண்டிருந்தேன். அண்ணனுக்கு போன் போட்டு, "கூடம் காலியா?" என்று கேட்பேன். "காலி" என்று அவன் சொன்ன பிறகுதான் டெர்மினலைத் திறப்பேன். அப்போதும் வரிசையை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் அடுத்த கட்டளையைத் தட்டுவேன்.

முசியேவுக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு அப்டேட்டுக்கு அண்ணன்கிட்ட பர்மிஷன் கேக்கற கம்பெனி உலகத்துலயே நம்மளுதுதாம்மா" என்றார். தானே உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். தினமும் மதியம் இரண்டு மணிக்கு அது எழுந்து புது இமேஜ் வந்திருக்கிறதா என்று பார்க்கும். வந்திருந்தால் இறக்கும், பழைய கன்டெய்னரை நிறுத்தும், அழிக்கும், புதியதை ஓட்டும், மிச்சம் மீதியைத் துடைத்துப்போடும். யாரையும் கேட்காது.

"ஏன் ரெண்டு மணி?" என்றேன்.

"ரெண்டு மணிக்கு இந்த ஊர்ல நாய்கூட நடக்காதும்மா."

"துறைமுகத்துல நடக்கும். தடை முடிஞ்சு மொத நாள் படகு மத்தியானம்தான் கரைக்கு வரும், முசியே. அன்னைக்கு வரிசை போயிடும்."

"இத்தினி நாளா ஓடுதே, ஒரு தடவ தப்பாச்சா?"

அது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கட்டிக் கிடந்தது. கூடத்தில் ஈ மட்டும்தான். காலி வரிசையை அழித்தால் தப்பு எப்படித் தெரியும்? இதைச் சொன்னேன். "நீ எப்பவும் கெட்டதையே பேசு" என்று சொல்லிவிட்டு, சர்வரின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார். நான் பழையபடி கையால் செய்து கெடுத்துவிடுவேனாம்.

தடை முடிந்த அன்று மதியம் அண்ணனுக்குச் சோறு கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் துறைமுகத்துக்குப் போனேன். கூடத்தில் நிற்க இடமில்லை. இரண்டு மாதம் சும்மா கிடந்த ஆட்கள், இரண்டு மாதம் கழித்து வந்த மீன். வெயில் தகரக் கூரையைப் பிளந்தது. ஐஸ் வண்டி ஒன்றுதான் வந்திருந்தது. திரையில் அண்ணன் படகு மூன்றாவது. நல்ல வஞ்சிரம் பிடித்திருந்தான். பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, "சோத்த வையி. எறக்கிட்டு வந்து துன்றேன்" என்றான்.

திரை அணைந்தது.

திரும்ப எரிந்தபோது அதில் ஒரு பெரிய மீன் படம், அதன் கீழே 'மீனவ சொந்தங்களுக்கு நல்வரவு' என்று எழுதியிருந்தது. தடை முடிந்ததைக் கொண்டாட முசியே அன்று காலையில் செய்த மாற்றம். அந்த மீன் படத்துக்காகத்தான் புது இமேஜ். வரிசை காலி. ஒரு படகு நம்பர்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு படகு கடைசியாக வந்து கட்டியது. அதன் ஓட்டுநர் முரட்டு ஆள், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், அண்ணனை மாமா என்று கூப்பிடுகிறவன். உள்ளே வந்தான், நம்பரைத் தட்டினான். திரையில் முதல் இடத்தில் அவன் படகு ஏறியது. அவன் அதைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"எறக்குங்கடா" என்று தன் ஆட்களிடம் சொன்னான்.

முன்னால் நின்றவன் அவன் சட்டையைப் பிடித்தான். "டேய், நாங்க பன்னெண்டு மணிலேர்ந்து நிக்கறோம். நீ இப்பதான வந்த?"

"ஸ்கிரீன் இன்னா சொல்லுது? படிக்கத் தெரியலன்னா யாரையாவது படிச்சிக் காட்டச் சொல்லு."

முதல் அடி யார் அடித்தது என்று தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது, பிளாஸ்டிக் கூடை முகத்தில் விழுந்த சத்தம். அடுத்த நிமிஷம் கூடம் முழுக்கக் கை. துடுப்பு, பெட்டி மூடி, ஐஸ் உடைக்கும் கட்டை என்று கிடைத்ததையெல்லாம் எடுத்தார்கள். ஒரு பெரியவர் மீன் செதிலில் வழுக்கி விழுந்தார், அவர் மேலேயே மிதித்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் வாயிலிருந்து பல்லும் ரத்தமுமாகத் துப்பினான். யாரோ பெட்டியைக் கவிழ்த்ததில் கால் வைத்த இடமெல்லாம் மீன். மீனை மிதித்துக்கொண்டு மனிதனை அடித்தார்கள்.

அண்ணன் பெட்டி மேல் ஏறிக் கத்தினான். "நிறுத்துங்கடா! ஸ்கிரீன் தப்பா காட்டுது! மொதல்ல இருந்த வரிசைதான் வரிசை!"

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் கடைசியாக வந்தவன் திரும்பினான். "இன்னா மாமா? அன்னைக்கு ஸ்கிரீன்தான் வரிசைன்ன. இன்னைக்கு உனுக்கு எடம் போச்சின்னதும் தப்பா? ஸ்கிரீன ஓட்றது யாரு? இதோ நிக்கறாளே உன் தங்கச்சி! அண்ணனும் தங்கச்சியும் சேந்து எங்கள முட்டாளாக்குறீங்களா?"

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அப்போதுதான் ஸ்கூட்டியிலிருந்து லேப்டாப்பை எடுத்து, பாஸ்வேர்டு கேட்க முசியேவுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் போன் அணைந்திருந்தது. கையில் லேப்டாப்போடு நான் நின்ற கோலம், பார்க்கிறவனுக்கு நான்தான் ஏதோ செய்துகொண்டிருந்த மாதிரி இருந்திருக்கும். ஒருவன் என் முடியைப் பிடித்து இழுத்தான். லேப்டாப் தரையில் போனது. என் முழங்கால் சிமெண்டில் தேய்ந்தது. கொக்கியைப் பிடித்துக்கொண்டு தூரத்துச் சொந்தக்காரன் என்னை நோக்கி வந்தான். என்னைக் குத்த வந்தானா, மிரட்ட வந்தானா, அது அவனுக்கே தெரியாது. அண்ணன் பெட்டியிலிருந்து அவன் மேல் பாய்ந்தான். கொக்கி காதில் மாட்டியது. அந்தச் சொந்தக்காரன் கையை இழுத்தான்.

அண்ணன் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். ஐஸ் மேல் ரத்தம் விழுந்தால் உடனே ரோஸ் நிறமாகப் பரவுகிறது. அதுவரை எனக்குத் தெரியாது.

சிவப்புத் தொப்பி போலீஸ்காரர்கள் வந்தபோது அடிக்க ஆளில்லை. அண்ணன் மீனும் இன்னும் இரண்டு படகு மீனும் வெயிலில் கிடந்து கோழித் தீவனத்துக்குப் போனது.

அரசு ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது அவன் கேட்டது ஒன்றுதான். "வரிசைய எடுக்க முடியுமா? நான் பொய் சொல்லலன்னு காட்டணும்."

முடியாது. பழைய கன்டெய்னரை ஸ்கிரிப்ட் நிறுத்தி மட்டும் வைத்திருந்தால்கூட உள்ளேயிருந்து எடுத்திருப்பேன். அதைத்தான் துடைத்துப்போட்டுவிட்டதே. சுத்தம் முசியேவுக்கு முக்கியம்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். எழுந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். மேஜையில் லேப்டாப். என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்து, "ஸ்கூட்டில விழுந்தியா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப அப்டேட் சரியாதான் ஓடிருக்கு" என்றார்.

கையில் ஹெல்மெட் இருந்தது. அவர் தலையில் போடத்தான் ஓங்கினேன். கடைசி நொடியில் கை தானாகத் திரும்பி லேப்டாப்பில் இறங்கியது. இரண்டாவது அடியில் திரை உடைந்தது, மூன்றாவதில் கீபோர்டு தெறித்தது. காபி கவிழ்ந்து உள்ளே போனது.

"ஐயோ, என் பேத்தி போட்டோ எல்லாம் அதுலதாம்மா இருக்கு!"

"வெளிய நகல் எடுத்து வைக்கலியா, முசியே?"

அவர் வேட்டி முனையால் கீபோர்டில் இருந்த காபியைத் துடைத்தார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. சர்வர் பார்க்க வேறு ஆள் அவருக்குக் கிடைக்காது. மறுநாள் பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடியது. கொக்கிக்காரனை ஒரு மாதம் கடலுக்குப் போகக்கூடாது என்றார்கள். திரையைக் கழற்றச் சொன்னார்கள். அதோடு எழுந்திருக்கப் போனார்கள். அண்ணன் தலையில் கட்டோடு நடுவில் வந்து நின்றான்.

"மாத்திப் பேசுனா செருப்பால அடிங்கன்னு சொன்னன். மாத்திப் பேசிட்டன். அடிங்க."

"உக்காருடா, தையல் பிரியப் போவுது" என்றார் ஒருவர்.

"அடிக்கலன்னா நாளைக்கு நான் எது சொன்னாலும் எவனும் கேக்க மாட்டான். அடிங்க."

கடைசியில் கொக்கிக்காரனே எழுந்தான். முகம் வெளுத்திருந்தது. செருப்பைக் கழற்றி அண்ணன் தோளில் ஒரு அடி வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். அந்தச் சத்தம் என் எலும்பில் இன்னும் இருக்கிறது. அன்று என் கையில் ஹெல்மெட் இருந்திருந்தால் அவன் மண்டை இருந்திருக்காது. அண்ணன் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"முடிஞ்சிதா? இப்ப நான் சொல்றேன். நாளையிலேர்ந்து பழையபடி கூடை. கூடைய எவன் காலால தொட்டாலும் அவன் அன்னைக்குக் கடைசி. சரியா?"

"சரி" என்றார்கள். எல்லாரும்.

எங்கள் மற்ற சர்வர்களில் இன்றும் அப்டேட் தானாகத்தான் நடக்கிறது. ஸ்கிரிப்டை நான் திரும்ப எழுதினேன். உள்ளே எவனாவது காத்துக்கொண்டிருக்கிறானா என்று முதலில் பார்க்கும். இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். பழைய கன்டெய்னரை அழிக்கிற வரியை எடுத்துவிட்டேன். அதை என் கையால்தான் அழிப்பேன்.

துறைமுகத்தில் கூடைகள் வரிசையாக நிற்கின்றன. போன வாரம் நான் சோறு கொண்டுபோனபோது கொக்கிக்காரன் அண்ணனுக்குப் பின்னால் தன் கூடையை வைத்துக்கொண்டே, "காது கேக்குதா மாமா?" என்றான்.

"உன் குரல் மட்டும் சரியா கேக்கல. அந்த மட்டும் லாபம்" என்றான் அண்ணன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி ஸ்கூட்டிக்கு நடந்தேன்.