கேட்டில் நான் மாட்டிய விளக்கு

வீடியோ பார்த்தே வயரிங் கற்றுக்கொண்டவன் நான்! மலேசியாவின் கிள்ளானில், அக்கம்பக்கத்தார் விருந்துக்கு வரும் எங்கள் வீட்டுத் தீபாவளி ஓப்பன் ஹவுஸுக்காக, இரும்புக் கேட்டின் மேல் நானே வயர் இழுத்து இரண்டு விளக்குகள் மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் பளிச்சென்று எரிந்தன! "இதுக்குப் போய் வயர்மேன் எதுக்கு லா!" என்று மனைவியிடம் துள்ளிக் குதித்தேன்.

சாயங்காலம் மழை தூறியது. பார்சல் கொண்டுவந்தவர் கேட்டில் கை வைத்ததும் அலறிப் பின்வாங்கினார்.

"பாஸ், கேட்டுல கரண்ட் அடிக்குது! மெயினை ஆஃப் பண்ணுங்க!"

அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தீபாவளிக் காசு வைத்த அங்பாவ் உறை வாங்க ஓடிவந்தார்கள். அவர் இரண்டு கைகளையும் விரித்து அவர்களை மறித்துக்கொண்டு மழையிலேயே நின்றார். நான் உள்ளே ஓடி மெயினை அணைத்தேன்.

மறுநாள் வந்த வயர்மேன், கேட்டின் கீலில் நசுங்கித் தோலுரிந்திருந்த என் வயரைக் காட்டினார். "லைசென்ஸ் இல்லாம வயரிங் செய்யறது சட்டப்படி தப்பு அண்ணே."

அன்று பார்சல்காரர் கொடுத்துவிட்டுப் போன பார்சலில் இருப்பவை, பின்வாசலுக்காக நான் ஆர்டர் செய்த இன்னும் இரண்டு விளக்குகள். வயர்மேன் மாட்டித் தருகிறேன் என்கிறார். எனக்குத்தான் அதைப் பிரிக்க இன்னும் கை வரவில்லை.