மூச்சுக்கு ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா?

என் மனைவி பஞ்சவர்ணத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். நர்ஸ் அவள் மூக்கில் பிராணவாயுக் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தார். "இது ஒத்தக் கொழாயா, ரெட்டைக் கொழாயா?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள். நர்ஸுக்குப் புரியவில்லை. "ஒத்தக் கொழாய்தான்" என்று நான் சொன்னேன். "அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கக் கீழே போனேன்.

அந்தக் கேள்வி விளங்க வேண்டுமானால் என் தொழிலைச் சொல்ல வேண்டும். கிணற்றில் விழுந்ததை எடுத்துத் தருகிறவனைப் பொருள் விழும்வரை யாரும் நினைப்பதில்லை. விழுந்துவிட்டால் அவனுக்கு மூச்சு விட நேரம் கொடுப்பதில்லை. பாதாளக் கரண்டியை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்து, கொக்கியில் எதுவும் மாட்டாதபோது என்னைக் கூப்பிடுவார்கள். தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் கடையில் வாங்கிய கைப்பம்பு ஒன்று என்னிடம் இருந்தது. அதன் சக்கரத்தைச் சுற்றினால் காற்று நீண்ட ரப்பர் குழாய் வழியாக என் முகமூடிக்குள் வரும். நிறுத்தினால் வராது. சுற்றுகிறவள் பஞ்சவர்ணம். பெண்டாட்டி தயவில் மூச்சு விட்டுப் பிழைத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். எனக்கு அது குழாய் வழியாகவே வந்தது.

மாமியார் கதை

திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் கிணற்றில் பித்தளை அண்டா விழுந்துவிட்டது. நான் இறங்கி, சேற்றில் அண்டாவின் காதைப் பிடித்துவிட்டேன். பஞ்சவர்ணத்தின் சுற்று எப்போதும் ஒரே சீராக இருக்கும். அன்று காற்று ஒரு மாதிரியாக வந்தது. கொஞ்ச நேரம் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு மறுபடி வேகமாக. பிறகு அடியோடு நின்றுவிட்டது.

அண்டாவை விட்டுவிட்டு மேலே பாய்ந்து வந்தேன். எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி கிணற்றடியில் உட்கார்ந்து தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மனைவி ஒரு கையைச் சக்கரத்திலும் மறு கையைக் கன்னத்திலும் வைத்திருந்தாள். "என்னடி, நிறுத்திட்ட?" என்று இருமிக்கொண்டே கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "அந்தக் கெழவி சோத்துப் பானைய ஒளிச்சு வச்ச எடத்துக்கு வந்துட்டாக. ஒரு நிமிசம் பொறுக்க மாட்டீகளா?"

பினாங்குப் பெட்டி

கிணற்றுக்குள் இருப்பவன் நான். ஆனால் வேலை முடிந்ததும் மேல்மூச்சு வாங்குவது அவளுக்கு. ஒருநாள் டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டவர், "இனிமேல் இந்தச் சக்கரத்தைச் சுத்தக் கூடாது" என்றார். வேறு ஆள் வைக்கலாம் என்றேன். "அவன் பீடி பத்த வைக்கப் போயிட்டா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாளும் அவள்தான் சுற்றினாள்.

அந்தச் சமயத்தில்தான் சொக்கலிங்கம் செட்டியார் சொல்லி அனுப்பினார். அவர் மகன் பினாங்கில் இருந்தபோது கடலில் முங்கப் பழகியவன். ஊர் திரும்பும்போது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, மெட்ராஸில் வேலைக்குப் போய்விட்டான். பெட்டியில் முதுகில் கட்டிக்கொள்ளும் காற்றுச் சிலிண்டர் இரண்டு, காற்றை அளந்து கொடுக்கும் ரெகுலேட்டர் இரண்டு வகை. ஒன்றில் பிடரிக்குப் பின்னால் வட்டமாக ஒரு டப்பா. அதிலிருந்து இரண்டு தோளின் மேலும் மடிப்பு மடிப்பான தடித்த குழாய்கள் வாய்க்கு வரும். ஒன்றில் காற்று வரும், மற்றதில் விட்ட மூச்சு போகும். இன்னொன்றில் மெல்லிய குழாய் ஒன்றே ஒன்று. வாயில் கவ்வ ஒரு சின்ன டப்பா. இரண்டுக்கும் மேலே ஆள் வேண்டாம்.

"சிலிண்டரை எடுத்துக்க, கருப்பையா. ரெகுலேட்டர்ல ரெண்டையும் போட்டுப் பாத்துட்டு ஒண்ணை வச்சுக்க. ஒண்ணைத் திருப்பிக் கொண்டாந்துரு" என்றார் செட்டியார். இரண்டையுமே தந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கேட்காமலே அது அவர் மனைவி ஆச்சிக்குத் தெரிந்துவிட்டது. "ரெண்டையும் குடுத்துட்டா அந்த எடம் வெறிச்சுன்னு கெடக்கும்ல?" என்றார். அந்த வீட்டில் எத்தனை அறைகள் என்று எண்ணியவர்கள் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சவர்ணம் பம்பின் மேல் சாக்கைப் போர்த்திவிட்டுக் கேட்டாள்: "அப்ப மேல நான் எதுக்கு?"

சோடாக் கடை

சிலிண்டரில் காற்று தீர்ந்தால் உப்பு லாரியில் தூத்துக்குடிக்கு அனுப்பி நிரப்பி வாங்க வேண்டும். போய் வரப் பத்து நாள். எங்கள் தெரு சோடாக் கடைக்காரர் அதைக் கேட்டு மிகவும் வருத்தப்பட்டார். அவரும் நாள் முழுக்கக் காற்றடிக்கிறவர்தானே. அந்தக் காற்று ஆளைக் கொன்றுவிடும் என்று எவ்வளவு சொல்லியும், நான் ஏதோ கூச்சப்படுகிறேன் என்றே நினைத்தார். தோளைத் தட்டிச் சொன்னார்: "யோசிக்காம கொண்டாங்கண்ணே. வேணும்னா கலரும் சேத்து அடிச்சுத் தாரேன்."

மல்லாந்தால் முட்டும்

இரட்டைக் குழாயை முதலில் அமராவதிபுதூரில் ஒரு தோட்டக் கிணற்றில் சோதித்தேன். மோட்டார்க் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு கழன்று சேற்றில் கிடந்தது. நின்றபடி இருக்கும்வரை சுகமாகத்தான் இருந்தது. தலைகீழாகக் குனிந்து சேற்றைத் துழாவினால், பிடரி டப்பா வாயைவிட மேலே போய்விடுகிறது. காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது, அடைத்த பீடியை இழுப்பதுபோல. சரியென்று மல்லாந்து பார்த்தேன். டப்பா கீழே போயிற்று. கேட்காமலே காற்று தொண்டைக்குள் பீறிட்டு முட்டியது. கிணற்றுவேலையில் நாம் விரும்பிய நிலையிலா இருக்க முடிகிறது?

புட்வால்வோடு ஏறி வந்து இதைச் சொன்னபோது பஞ்சவர்ணம் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு அன்று வேலை இல்லை. ஆனாலும் வந்திருந்தாள், வந்து கிணற்று மேட்டில் நின்றிருந்தாள். தோட்டக்காரருக்குப் புது ஏற்பாடு பிடிக்கவில்லை. "பழைய பம்புன்னா நீங்க உள்ள எப்படி இருக்கீகன்னு உங்க வீட்டம்மா மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கலாம். இப்ப அவுகளும் எங்களோட சேந்து தண்ணியப் பாக்குறாக" என்றார்.

ஊரணியில் எச்சில்

எங்கள் பக்கத்தில் குடிதண்ணீர் ஊரணி என்றால் அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அடிக்கக் கம்போடு ஒரு காவல்காரர் இருப்பார். அப்படி ஓர் ஊரணியில், மறுநாள் கல்யாணம் நடக்க வேண்டிய வீட்டின் சாவி விழுந்துவிட்டது. தண்ணீர் மொள்ளக் குனிந்த மருமகளின் இடுப்பிலிருந்து நழுவி, படியில் பட்டுத் தெறித்து ஆழத்துக்குப் போய்விட்டது. முழ நீளச் சாவி. சீர்ப் பாத்திரம் எல்லாம் பூட்டிய அறைக்குள் இருந்தன. ஆழம் இரண்டு ஆள்தான். ஆனால் சேற்றில் தேட அரைமணி நேரமாவது வேண்டும்.

காவல்காரர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தலையால எறங்க முடியுமா?" என்றார். இறங்கினாலும் பின்னாலேயே கால் வரும் என்றேன். கடைசியில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளிக்க வைத்தார்கள். அதற்குள் வேறொரு பெரியவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாயில் கவ்வுகிற சாமான் எச்சில் அல்லவா? "சொம்புத் தண்ணி குடிக்கிற மாதிரி வாயில படாம, அண்ணாந்து மூச்சு வாங்கக் கூடாதா?" என்று கேட்டார். முடியாது என்றதும், விட்ட மூச்சு எப்படி வெளியேறும் என்று விசாரித்தார். இரண்டு ரெகுலேட்டர்களையும் மாட்டிக் காட்டினேன். ஒற்றைக் குழாயில் மூச்சு தாடைக்குப் பக்கத்திலேயே குமிழியிடும். இரட்டையில் பிடரிக்குப் பின்னால் போய் வெளியேறும். ஊர் கூடிப் பேசியது. பெரியவர் தீர்ப்புச் சொன்னார். "வாய்ப்பக்கம் போனா எச்சி. முதுகுப்பக்கம் போனா அது வேர்வைதான். வேர்வை பரவால்ல."

ஆக, ரெகுலேட்டரை ஊரே தேர்ந்தெடுத்துத் தந்தது. தலைகீழாகக் குனிந்து, உறிஞ்சி உறிஞ்சி மூச்சு வாங்கிச் சாவியை எடுத்துவிட்டேன். எல்லோருக்கும் சந்தோஷம். அதற்குள் காவல்காரர், "சரி, இந்தத் தண்ணிய யாரு மொதல்ல குடிக்கிறது?" என்றார். ஒருவரும் நகரவில்லை. பஞ்சவர்ணம் படியிறங்கிப் போய், ஒரு கை அள்ளிக் குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இருவது வருசமா இந்த எச்சியத்தான் குடிக்கிறேன். செத்தா போயிட்டேன்?"

பாதாளக் கரண்டி

ஒற்றைக் குழாயைச் சோதித்தது காரைக்குடியில் ஒரு வீட்டுக் கிணற்றில். குறுகலான கிணறு. வெள்ளிக் குடம் விழுந்திருந்தது. குனிந்தாலும் மல்லாந்தாலும் காற்று ஒரே மாதிரி வந்தது. இதுதான் நமக்கு என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஒரு தவறுதான் செய்தேன். பம்பு இருந்த நாளில் இடுப்பில் கயிறு கட்டியிருப்பேன். ஒருமுறை இழுத்தால் 'நலம்' என்று பொருள். சிலிண்டர் இருக்கையில் கயிறு எதற்கு என்று கட்டாமல் இறங்கிவிட்டேன்.

மேலே பஞ்சவர்ணத்துக்குக் கையில் வேலை இல்லை. கிணற்றில் எட்டிப் பார்த்து, "காத்து வருதா?" என்று கேட்டிருக்கிறாள். வாயில் டப்பாவைக் கவ்விக்கொண்டு, இருபதடித் தண்ணீருக்குள் இருப்பவன் என்ன பதில் சொல்வான்? மூன்று தடவை கேட்டுவிட்டு, அந்த வீட்டுப் பாதாளக் கரண்டியை எடுத்து உள்ளே விட்டுவிட்டாள். குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த என் முதுகு வாரில் ஏதோ கொக்கி மாட்டியது. வீட்டிலிருந்த பெண்கள் நான்கு பேரும் சேர்ந்து ஏலேலோ போடாத குறையாக இழுத்தார்கள். நான் குடத்தோடு தண்ணீருக்கு மேலே வந்தேன். பஞ்சவர்ணம் அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். அந்த வீட்டு ஆச்சி குடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, "நாங்க இதுக்குத்தான் சொல்லி விட்டோம்" என்றார்.

சும்மா சுற்றுவது

இரட்டைக் குழாயைச் செட்டியார் வீட்டில் திருப்பிக் கொடுத்தேன். ஆச்சி அதைப் பழைய இடத்திலேயே வைத்தார். பம்பை விற்றுவிடலாம் என்று நான் வாய் திறக்குமுன் பஞ்சவர்ணம் அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். சக்கரம் சுற்றக் கூடாது என்றுதானே இவ்வளவு பாடும், என்றேன்.

அடுத்த வேலைக்குக் கிளம்பும்போது பம்பும் வண்டியில் ஏறியிருந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீருக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. வேலை முடிந்து தலையை வெளியே நீட்டினால், மேலே சக்கரம் கிறீச் கிறீச் என்று சுற்றிக்கொண்டிருந்தது. ரப்பர் குழாயின் முனை துவைக்கிற கல்லின்மேல் கிடந்து, வெயிலில் புஸ்ஸு புஸ்ஸென்று காற்று விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீரை எதிர்த்துத் தள்ள வேண்டியதில்லை, ஒரு விரலால் சுற்றலாம். ஒரு கையில் என் கயிறு, மறு கையில் சக்கரம். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

"யாருக்குடி இந்தக் காத்து?" என்றேன்.

"நான் சும்மாதான் சுத்துறேன். நீங்க பாட்டுக்கு ஒங்க மூச்ச விடுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் படுக்கும்வரை ஒரு வேலைக்குக்கூடப் பம்பில்லாமல் அவள் வந்ததில்லை.

கிணற்றுவேலைக்கு எது நல்லது என்று இப்போதும் யாராவது கேட்டால் ஒற்றைக் குழாய்தான் என்று சொல்கிறேன். ஆனால் அதன் ரப்பர் வெடித்துப் பல வருடமாகிறது, பம்பின் சக்கரத்தைச் சுற்றினால் இன்றும் காற்று வருகிறது.