நான் தீர்ப்புச் சொன்ன பட்டிமன்றம்

பட்டிமன்றத்தில் இரு தரப்பையும் கேட்ட பிறகுதான் நடுவர் தீர்ப்பை முடிவு செய்கிறார் என்று கூட்டம் நம்புகிறது. நான் நடுவராக உட்கார்ந்த எந்த மேடையிலும் அப்படி நடந்ததில்லை. தீர்ப்பு வீட்டிலேயே தயாராகிவிடும். எந்த இடத்தில் குறள், எந்த இடத்தில் மாமியார் மருமகள் துணுக்கு, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தித் தாயைப் பற்றி ஒரு வரி, எல்லாம் எனக்கு மனப்பாடம். பேச்சாளர்கள் பேசும்போது தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். உள்ளுக்குள் என் முடிவுரை ஓடிக்கொண்டிருக்கும்.

கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் யாரும் என்னைக் கேட்பதில்லை. மேடையில் மட்டும்தான் கேட்டார்கள். மந்தைவெளியில் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. ஆண்டு விழாவில் அங்கே மாணவர் இலக்கிய மன்றத்தின் பட்டிமன்றம் நடக்கும். நான்தான் நிரந்தர நடுவர். சென்ற ஆண்டு நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விழாவுக்கு முன் தலைமையாசிரியர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, தலைப்பு இதுதான். மாணவர் முன்னேற்றத்துக்குப் பெரிதும் துணை நிற்பது வீடா, பள்ளியா? தீர்ப்பைப் பள்ளிக்கே குடுத்துடுங்க. தி.நகர் ஜவுளிக்கடை முதலாளி தலைமை தாங்க வர்றார். ஸ்கூலுக்கு ஏதாவது செய்றேன்னு சொல்லியிருக்கார். அவரை வெச்சுக்கிட்டு வீடுதான் பெருசுன்னா நல்லாவா இருக்கும்?"

"அதற்கென்ன, பள்ளிக்கே கொடுத்துவிடலாம்" என்றேன். எனக்கு அது வசதியும்கூட. பள்ளியைப் பற்றி என்னிடம் நல்ல முடிவுரை ஒன்று ஏற்கெனவே இருந்தது.

அந்தப் பட்டிமன்றத்தில் அணிகளின் வெற்றி தோல்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளைகளின் கண்ணெல்லாம் 'சிறந்த பேச்சாளர்' கேடயத்தின்மேல்தான். அதை வாங்குகிறவர்தான் அடுத்த ஆண்டு மன்றச் செயலாளர். மாவட்டப் பேச்சுப் போட்டிக்குப் பள்ளி அனுப்புவதும் அவரைத்தான். தீர்ப்பு, கேடயம் இரண்டையும் முடிவு செய்வது நடுவர். யாரையும் கலந்து பேச வேண்டியதில்லை.

விழா நாளில் ஒரு வகுப்பறையில் எனக்குக் காபி கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். அவளை எனக்கு முகம் தெரியும். மன்றக் கூட்டங்களில் கரும்பலகையில் தலைப்பை எழுதுவாள், நாற்காலி போடுவாள். பேசிக் கேட்டதில்லை. அன்று வீட்டு அணியில் ஒரு பையனுக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலாக இவள்.

"சார், ஒரு டவுட்டு. சிறந்த பேச்சாளர கெலிக்கிற அணிலேர்ந்து மட்டும்தான் எடுப்பீங்களா? தோக்கற அணிலேர்ந்தும் எடுப்பீங்களா?"

"நன்றாகப் பேசினால் எந்த அணியானாலும் கிடைக்கும் அம்மா."

"பிராமிஸா சார்? எங்கம்மா லீவு சொல்லிட்டு வந்துகீறாங்க. நாலு வூட்ல சமைக்கிறாங்க, லீவே போடமாட்டாங்க. நா பேசி அவங்க கேட்டதே இல்ல."

சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தொட்டு ஆசீர்வதித்தேன். அவள் அணி தோற்கப் போவது எனக்குத் தெரியும். ஆனால் கேடயத்தைப் பற்றி நான் சொன்னது அந்த நேரத்தில் பொய்யில்லை. அதை மட்டும் என் பக்கம் எழுதிக்கொள்ளலாம்.

பட்டிமன்றம் வழக்கம்போல் தொடங்கியது. பள்ளி அணியின் தலைவன், பன்னிரண்டாம் வகுப்புப் பையன், பள்ளி ஒரு கோயில், ஆசிரியர்கள் அதன் தெய்வங்கள் என்று முழங்கினான். ஆசிரியர்கள் கைதட்டினார்கள். ஜவுளிக்கடை முதலாளியும் தட்டினார்.

பிறகு அவள் எழுந்தாள். முதலில் ஆசிரியர் எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தாள். அவைக்கு வணக்கம், நடுவருக்கு வணக்கம், அன்னையே முதல் ஆசான். நான் என் முடிவுரைக்குத் திரும்பிவிட்டேன். திடீரென்று அரங்கில் சத்தம் மாறியது. அவள் ஒப்பிப்பதை விட்டுவிட்டாள்.

"எங்க வூடு ஹவுசிங் போர்டுங்க. ஒரே ரூமு. நா படிக்கிறப்போ எங்கம்மா டிவி போடமாட்டாங்க. எங்கப்பா வெளிய படிக்கட்டுல போய்க் குந்திக்குவாரு. எதிரணி அண்ணன் இன்னா சொன்னாரு? ஸ்கூலு கோயிலாம். அண்ணே, மயிலாப்பூர் கோயில் கொளத்துலகூடத் தண்ணி கீது. நம்ம கோயில்ல கேர்ள்ஸ் பாத்ரூம்ல கீதா?"

அரங்கம் வெடித்தது. பின்வரிசையில் பெண்கள் பெஞ்சைத் தட்டினார்கள். அவள் காத்திருந்தாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பது பெரிய பேச்சாளர்களுக்கே எளிதில் வராத வித்தை. இவளிடம் அது தானாகவே இருந்தது.

"சிரிக்கிறீங்க. காலைல வந்தா நாலு மணி வரைக்கும் நாங்க தண்ணியே குடிக்கறதில்லங்க. குடிச்சா போவணும். போனா தண்ணி இல்ல. பெல் அடிச்சதும் ஓடறோமே, எங்க ஓடறோம்? வூட்டுக்கு. அப்ப எது எங்களுக்குத் துணை? நீங்களே சொல்லுங்க நடுவரே."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஓர் ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாம் வரிசையில் ஒரு பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர்தான் அம்மாவாக இருக்க வேண்டும்.

முதலாளி தலைமையாசிரியரைத் திரும்பிப் பார்த்தார். தலைமையாசிரியர் என் பக்கம் குனிந்து, "ஐயா, கொஞ்சம் சமாளிங்க" என்றார்.

மாதக்கணக்கில் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது, அடுத்து செய்ததைத் தலைமையாசிரியர் சொன்னதால் செய்தேன் என்பது. அது உண்மையில்லை. அவர் சமாளிக்கத்தான் சொன்னார். உண்மை வேறு. இத்தனை ஆண்டுகளில் என் துணுக்குகள் எதற்கும் அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வந்ததே ஒரு மௌனம், அதுவும் வந்ததில்லை. வயிறு எரிந்தது. பேரப்பிள்ளை வயதுப் பெண்மேல் எரிந்தது.

எழுந்து மைக்கைப் பிடித்தேன்.

"தங்கை காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லையாம். அதனால்தான் பேச்சில் இத்தனை சூடு. ஒரு யோசனை சொல்கிறேன் தங்கையே. அடுத்த முறை மேடைக்கு வரும்போது கையில் குறிப்பு எதுவும் வேண்டாம். ஒரு சொம்பு மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்!"

நான் கேட்க ஆசைப்பட்ட சிரிப்பு அப்போது வந்தது. பையன்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். பெஞ்சைத் தட்டிய பெண்களும் சிரித்தார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. தாளை மடித்து மடித்துச் சிறிதாக்கிக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பைப் பள்ளிக்குச் சொன்னேன். கேடயத்தை, கோயில் என்று முழங்கிய பையனுக்குக் கொடுத்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பையன், அடுத்த ஆண்டு பள்ளியிலேயே இருக்க மாட்டான், செயலாளராக எப்படி இருப்பான் என்றுகூட யோசிக்கவில்லை. அவளுக்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் என் மனத்தில் இருந்தது.

முதலாளி நன்றியுரைக்குக் காத்திராமல் மைக்கை வாங்கினார்.

"ஐயா நல்லா சிரிக்க வச்சிய. வயிறு வலிக்கி. ஆனா இந்த மைக்கு செட்டு கொரகொரங்குது, பாதி கேக்கல. இலக்கிய மன்றத்துக்குப் புது மைக்கு செட்டு நான் வாங்கித் தாரேன்."

பலத்த கைதட்டல். தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச முடியாதபடி அதை நான் வேடிக்கையாக்கிவிட்டிருந்தேன்.

என் மனைவி அன்று விழாவுக்கு வந்திருந்தாள். வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"ஏன்னா, அந்தப் பொண்ணு சொன்னது நெஜந்தானே?"

"மேடையில அதெல்லாம் சகஜம்."

"உங்க பொண்ணா இருந்தா சொம்புன்னு சொல்லியிருப்பேளா? அவ அம்மா முன்னாடி?"

உள்ளே போய்விட்டேன். அன்றைக்கும் எனக்குக் கோபம்தான் இருந்தது, வருத்தம் வரவில்லை. வருத்தம் வந்தது சில மாதம் கழித்து, லஸ் பேருந்து நிறுத்தத்தில்.

பள்ளி விட்ட நேரம். சீருடையில் கூட்டமாகப் பிள்ளைகள். ஒரு பையன் கத்தினான்: "மச்சி, சொம்பு வருது, வழி வுடு!" அவள் வந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே நடந்து நிறுத்தத்தில் நின்றாள். அந்தப் பெயருக்குப் பழகிவிட்டவளின் நடை அது. நான் அருகில் போனேன்.

"எப்படி இருக்கிறாய் அம்மா? மன்றத்துக்கு வருகிறாயா?"

"இல்ல சார். அதுலேர்ந்து வெளிய வந்துட்டேன். இப்ப சாரணியர்ல கீறேன்."

"ஏன் அம்மா?"

"அங்க வரிசையில நடந்தா போதும் சார். பேச வேணாம்."

"நான் செய்தது பெரிய தப்பு. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தலைமையாசிரியரிடம் பேசுகிறேன்" என்றேன்.

அவள் பதறிப்போனாள். "ஐயோ, வேணாம் சார். இப்பத்தான் சின்னக் கிளாஸ் பசங்க மறந்துகினு வராங்க. நீங்க வந்து சொன்னா மறுபடியும் எல்லாரும் சிரிப்பாங்க."

"உன் அம்மாவிடமாவது வந்து..."

"அம்மா இன்னும் உங்களப் பெரிய மனுசர்னுதான் சொல்லிகினு கீறாங்க. பெரியவங்க, தமாசுக்குச் சொன்னாங்கன்றாங்க. அப்படியே இருக்கட்டும் சார்."

பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்கிற உரிமையும் எனக்கில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கேட்டால் என் மனம் ஆறும், அவள் காயம் மறுபடி திறக்கும். ஆகவே கேட்கவில்லை. இங்கேயும் அவள் பெயரையோ பள்ளியின் பெயரையோ எழுதவில்லை.

இந்த ஆண்டு விழா நெருங்கியபோது தலைமையாசிரியர் மீண்டும் அழைத்தார். முழங்கால் வலி என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு உண்மையையே சொன்னேன். போன முறை அந்தப் பெண்ணை நான் அவமானப்படுத்தினேன், கேடயம் அவளுக்குச் சேர வேண்டியது, இனி நான் நடுவராக உட்கார மாட்டேன். அவளை எப்படியாவது மாவட்டப் போட்டிக்கு அனுப்புங்கள் என்றேன்.

"எந்தப் பொண்ணு ஐயா?" என்று யோசித்தார். "ஓ, சொம்பா! அது இப்ப ட்வெல்த் ஆச்சே. பப்ளிக் எக்ஸாம் இருக்குற பிள்ளைங்களை இந்த வருஷம் எதுலயும் சேர்க்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க ஐயா. செம காமெடி அது. இன்னிக்கும் ஸ்டாஃப் ரூம்ல சொல்லிச் சிரிப்போம்."

வேறொரு நடுவரைப் பிடித்துக்கொண்டார்கள். விழா நடந்த மாலை என் வீட்டு மாடி வரைக்கும் புது ஒலிபெருக்கி துல்லியமாகக் கேட்டது. ஒவ்வொரு பேச்சாளர் எழுந்தபோதும், ஒருவேளை மனம் மாறி அவளையும் பேசவிட்டிருப்பார்களோ என்று காது கொடுத்துக் கேட்டேன். எதுவும் அவள் குரலாக இல்லை. தேர்வு முடிந்ததும் அவள் அந்தப் பள்ளியை விட்டுப் போய்விடுவாள். அங்கே அவள் பேசியது ஒரே ஒரு முறை. அதற்கு நடுவர் நான்.