ஏழு வால் சாட்டை

ஸ்கர்ஜ் என்று ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறது. அதை என் தலையில் கட்டிய டீச்சரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு அந்தச் சொல்? அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

வகுப்புச் சுவரில் சார்ட் ஒட்டுவதற்காகச் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு கஷ்டமான சொல் கொடுத்தார். அதன் பொருள், அதே பொருள் தரும் வேறு சொற்கள், ஒரு வாக்கியம், ஒரு படம். பெரிய வெள்ளிக்கிழமை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். என் பக்கத்தில் இருந்தவளுக்குச் சந்தோஷம் என்று பொருள்படும் சொல் வந்தது. எனக்கு இது.

பள்ளியில் இருந்த தடித்த டிக்‌ஷனரியைப் புரட்டினேன். துன்பம், தண்டனை, கொள்ளைநோய், ஊரைப் பாழாக்கும் ஆள். பிளேக், கர்ஸ், டார்மென்ட் என்று அதற்குச் சொந்தக்காரச் சொற்கள் வேறு. அதுவரை எனக்குப் பயமில்லை. எங்கள் ஊரில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆள் இருந்தார்கள். டார்மென்டுக்கு நேராக டீச்சர் பெயரை எழுதக் கை துடித்தது. ஆனால் முதலில் கொடுத்திருந்த பொருள் சாட்டை. படமும் போட்டிருந்தார்கள். மரப்பிடி, அதிலிருந்து தொங்கும் பல வால்கள், வால் நுனிகளில் எலும்புத் துண்டும் ஈயக் குண்டும். ரோமாபுரிச் சேவகர்கள் கைதிகளைக் கட்டிவைத்து அதைக்கொண்டுதான் அடித்தார்களாம்.

புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டேன். ஏனென்றால் அந்த வாரம் என் அப்பாவைக் கட்டிவைத்து அடிக்கப்போகிறார்கள்.

பாகூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாதா கோயில் மைதானத்தில் பாஸ்கா போடுவோம். இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகம். அப்பாதான் இயேசு. நாற்பது நாள் தாடி வளர்ப்பார். மீன் குழம்பு வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். அவரைக் கற்றூணில் கட்டி அடிக்கும் சேவகன் என் சித்தப்பா. வருடா வருடம் அவர்தான். வேறு யார் அந்த வேஷத்தைக் கேட்டாலும் கொடுக்க மாட்டார்.

அந்த வருடம் அண்ணன் தம்பிக்குப் பேச்சு இல்லை. போர்வெல் ஒன்று, நிலம் இரண்டு. அப்பாவின் முறையன்று சித்தப்பா தண்ணீரைத் தன் கரும்புக்குத் திருப்பிவிட்டார். அப்பாவின் நெல் கதிர் வாங்கும் சமயம். வரப்பில் நின்று இரண்டு பேரும் கத்தினார்கள். சித்தப்பா கடைசியாகச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"பெரிய வெள்ளிக்கி உன்ன கற்றூண்ல கட்டுவாங்க இல்ல, அன்னிக்கி வச்சிக்கிறேன்."

அதோடு விட்டாரா? வழக்கமான தேங்காய் நார்ச் சாட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, இந்த வருடம் புதிதாக நானே செய்துகொள்கிறேன் என்றார். ஏழு வால் வைத்துச் செய்தார். முதுகில் இரத்தம் போல ஒட்டுவதற்காகத் தினமும் சிவப்புச் சாயத்தில் முக்கி மாட்டுக் கொட்டகையில் தொங்கவிட்டார். தெருவில் போகும்போதெல்லாம் அது என் கண்ணில் பட்டது.

அம்மாவிடம் கேட்டேன். "சித்தப்பா அப்பாவ நெஜமா அடிச்சிடுவாரா?"

"அடிக்கட்டும். வரப்புல அடிச்சிக்கினா ஊரு சிரிக்குது. கோயில்ல அடிச்சிக்கினா கையெடுத்துக் கும்புடுவாங்க. போய்ப் படிடி."

இந்த வீட்டில் யாரையும் நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் சிலுவைப்பாதைக்குப் போனார்கள். நான் வயிற்றுவலி என்று நின்றுவிட்டேன். சித்தப்பா வீட்டுக் கொட்டகைக்குள் புகுந்தேன். சாட்டை சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நுனியில் எலும்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கடைசி நேரத்தில் கட்டுவார் போலும். கூரையில் செருகியிருந்த கருக்கரிவாளை எடுத்து, ஏழு வாலையும் பிடிக்குப் பக்கத்தில் முக்கால்வாசி அறுத்தேன். சொதசொதவென்று இருந்தது, சுலபமாக அறுந்தது. அரிவாள் நல்ல கூர் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. கற்றூண் என்பது சாக்கு சுற்றிய பந்தல்கால். இயேசு முனகுவது ஊருக்கெல்லாம் கேட்க வேண்டுமென்று அதில் மைக்கைக் கட்டியிருந்தார்கள். அப்பாவைக் கூட்டத்துக்கு முதுகு காட்டி நிறுத்திக் கட்டினார்கள். ஜிகினாத்தாள் ஒட்டிய அட்டைத் தொப்பியோடு சித்தப்பா வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சாட்டையை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது ஏழு வாலும் ஏழு பக்கம் பறந்துகொண்டிருந்தன. ஒன்று முன்வரிசையில் முழங்காலில் நின்ற உபதேசியாரின் வழுக்கையில் சப்பென்று ஒட்டியது. சித்தப்பா கையில் வெறும் பிடி.

தன் முதுகுக்குப் பின்னால் நடந்தது அப்பாவுக்குத் தெரியாது. அடிக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு அடிக்குரலில் கேட்டார். மைக் அதை ஊருக்கே சொன்னது.

"இன்னாடா நிறுத்திட்ட?"

"அறுந்துபூட்ச்சிண்ணே."

"துண்ட வச்சி அடி. ஜனம் பாக்குது."

"சேவகனுக்கு ஏதுண்ணே துண்டு?"

"அப்ப கையால அடி."

சித்தப்பா கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"உன்ன எப்பிடிண்ணே கையால அடிக்கிறது?"

நான்கு மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. பெரிய வெள்ளிக்கிழமை என்பதையும் மறந்து கூட்டம் சிரித்தது. சாமியார் அங்கியால் வாயை மூடிக்கொண்டார். அப்பாவின் தோள்கள் குலுங்கின. அவர் சிரிக்கிறார் என்று நான் நினைத்தேன். அழுகிறார் என்று நினைத்த கிழவிகள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். இரண்டில் எது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பிலாத்துவே அவசரமாக மேடையேறி, தன் கட்டம் வருவதற்கு முன்பே கையைக் கழுவிவிட்டார்.

அன்று இரவு நாடகம் முடிந்ததும் சித்தப்பா சாட்டைப் பிடியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"பாருண்ணே, கருக்கரிவாள் வெட்டு. எவனோ வேணும்னே அறுத்திருக்கான்."

அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யூதாஸ் வேஷம் கட்னவனா இருக்கும்டா. அவன் மூஞ்சியே சரியில்ல."

"நானும் அதான் நெனச்சேன்."

இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறி அந்த அப்பாவி வீட்டுக்கு நியாயம் கேட்கப் போனார்கள். தண்ணீர் முறையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை சார்ட் ஒட்டினேன். ஏழு வாலோடு படம். கீழே வாக்கியம்: என் சித்தப்பா ஒரு ஸ்கர்ஜ். டீச்சர் வெரி குட் போட்டார். அந்த அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது.

அன்று மாலை சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சித்தி அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். பானையைப் பிடித்த துணி சாயம் போகத் துவைத்தும் வெளிர்சிவப்பாக இருந்தது. அறுந்த வால்களில் ஒன்று. கயிறு இல்லை, துணி. ஓரத்தில் பச்சைக் கரை தெரிந்தது. செத்துப்போன தாத்தாவின் வேட்டிக் கரை. துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகிவிட்டதென்று சித்தப்பா பெட்டியில் மடித்து வைத்திருந்த வேட்டி.

பெற்ற அப்பனின் வேட்டியையே கிழித்துச் சாட்டை செய்திருக்கிறாரே, இந்த மனிதருக்கு என் அப்பா மேல் எவ்வளவு கோபம் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.